எங்கள் வீட்டுக்கு வந்த ராஜ வியாதி

சபையாரே, நான் ஒரு இடத்தில் உட்காருகிறவள் இல்லை என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஜெபத்தில்கூட முழங்கால் போட்ட கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். யுத்தம் முடிந்த மறு வருஷம் முழுக்க நான் நடந்துகொண்டேதான் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கோ கால் போய்க்கொண்டிருந்தது.

1942-ல் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். எடை பார்த்து, நெஞ்சைத் தட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றுதான் எடுத்தார்கள். பர்மா எல்லையில் லாரி ஓட்டினார். திரும்பி வந்தபோது பாதி ஆளாகத்தான் வந்தார். கொடியில் காயப்போட்ட மாதிரி சட்டை உடம்பில் தொங்கியது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காது. அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். சர்க்கரை வியாதி என்று பட்டாளத்து டாக்டர்களே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கூடவே வலது பாதத்தில் ஒரு புண். அங்கே சேற்றில் வந்தது, ஊருக்கு வந்தும் ஆறவில்லை.

ஊனப் பென்ஷன் கிடைத்தால் பெங்களூர் பட்டாள ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஆற்றுவார்கள். கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று தருமபுரியில் ஒரு டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆக, எங்களுக்குப் பென்ஷன் என்றால் கால்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். அப்பீல் போட்டோம். சேலத்தில் விசாரணைக்குப் போய் வந்தவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நான் விடுவேனா? நச்சரித்து எடுத்தேன்.

"பரம்பரைச் சீக்காம். பட்டாளத்துல வந்தது இல்லியாம். விசாரிக்க வந்தவருகிட்ட எங்கப்பாவே சொல்லிட்டாராம். அது தப்புன்னா அடுத்த விசாரணைக்கு அவரையே கூட்டியாரச் சொல்றாங்க" என்றார்.

நேரே மாட்டுத் தொழுவத்துக்குப் போனேன். மாமனார் தவிட்டுத் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா, அப்புடியா சொன்னீங்க?"

அவர் தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. தாலுக்காவிலிருந்து விசாரிக்க ஆள் வந்த அன்றைக்குத்தான் என் நாத்தனாரைப் பெண் பார்க்கப் பாப்பாரப்பட்டிக்காரர்களும் வந்திருந்தார்கள். பட்டாளத்துக்குப் போனவன் எவளிடமோ கெட்ட சீக்கு வாங்கி வந்திருக்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு.

"சம்பந்தி முன்னாடி மானத்த வுட முடியுமாம்மா? இது ராஜ வியாதிங்க, நெய்யும் வெல்லமும் தின்ன வூட்டுக்குத்தான் வரும், எங்கப்பாருக்கும் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

நெய்யாம்! வெல்லமாம்! களிக்குக் கீரை கிடைத்தால் அன்றைக்குப் பண்டிகை, அப்படிப்பட்ட வீடு இது.

"சேலத்துக்கு வந்து இல்லைன்னு சொல்லிடுங்க மாமா."

"சம்பந்தி காதுல வுழுந்தா கல்யாணம் நின்னுடும்மா. பொண்ணு கதி?" தவிட்டை மாட்டுக்கு வைக்கப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் அதைவிட மோசம். "அப்பாவப் பொய்யர்னு நாலு பேரு முன்னாடி நிறுத்தி எனக்குக் கால் வேணாம்" என்றார். "கால் உங்களுக்கு மட்டுமா? நானும் அத நம்பித்தான் இருக்கறேன்!" என்று கத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

அன்றிலிருந்து ஒரே ஜெபம்தான். ராகி அரைக்கும்போது, தண்ணீர் இறைக்கும்போது, வரப்பில் போகும்போது. "ஆண்டவரே, அந்த மனுஷர் வாயைத் திறந்துவிடும்." பொறுமையாகவா கேட்டேன்? சண்டை போட்டேன். காது கேட்கவில்லையா உமக்கு என்றுகூடக் கேட்டேன். புண்ணைக் கழுவிக் கட்டும்போதெல்லாம் வாடை கூடிக்கொண்டே வந்தது. விசாரணை நாளோ நெருங்கிக்கொண்டே வந்தது.

விசாரணைக்கு முந்தின ஞாயிறு இராப்போசன ஆராதனை. மனதில் குற்றத்தை மறைத்து வைத்துக்கொண்டு அப்பமும் ரசமும் வாங்கப் பந்திக்கு வரக்கூடாது என்பது நம் சபை வழக்கம். எல்லாரும் எழுந்து போனோம். மாமனார் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து பாயிலேயே உட்கார்ந்திருந்தார். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து பந்தியை விடாத மனுஷர். மறுநாள் மாட்டை அவிழ்த்து மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு எங்கேயோ போனவர் ராத்திரிகூட வீடு திரும்பவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள், விசாரணை அன்று விடியற்காலம் இவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பென்னாகரம் ரோட்டுக்கு வந்தேன். கரியில் ஓடுகிற பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. உள்ளே, முன் பெஞ்சில், வெள்ளை வேட்டி கட்டி மாமனார். பக்கத்தில் பாப்பாரப்பட்டிச் சம்பந்தி!

"மொதல்ல இவுங்ககிட்டப் போயிச் சொல்லிட்டேன்ம்மா. கல்யாணம் நின்னா நிக்கட்டும்" என்றார் மாமனார். கண் கலங்கியிருந்தது.

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். "அது பொய்ன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் தாயி. இவரு அப்பாரு புளி உலுக்கப் போயி மரத்துல இருந்து வுழுந்து செத்தப்ப, கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு வந்ததே எங்கய்யாவும் நானுந்தான். நெய்யக் கண்ணுல கண்டாரா அந்த மனுசன்? சம்பந்தி வூட்டு மானம், எதுக்குப் பேசணும்னு வுட்டுட்டேன். பையன் காலு போற சங்கதி யாருக்குத் தெரியும்? நானும் வந்து சாட்சி சொல்றேன்."

நான் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் எழுந்திருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்.

சேலத்தில் அத்தனை அதிகாரிகள் முன்னால் மாமனார் கைகூப்பி நின்றார். "நான் சொன்னது பொய்ங்க ஐயா. மானத்துக்குப் பயந்து சொன்னேன். எங்க வம்சத்துல யாருக்கும் இந்தச் சீக்கு இல்லீங்க. என் பையன் நல்ல உடம்போடதான் போனான்." சம்பந்தியும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே பென்ஷன் உத்தரவு வந்தது. பெங்களூரில் ஊசி போட்டார்கள். இரண்டு விரல் போயிற்று. கால் இருக்கிறது, ஸ்தோத்திரம்! சர்க்கரை வியாதி போகவில்லை, ஊசியும் களியுமாக ஓடுகிறது. நாத்தனார் கல்யாணமும் நடந்தது. "ராஜா வூட்டுச் சம்பந்தி, கொஞ்சம் நெய் வுட்டுக்கங்க" என்று கல்யாணப் பந்தியில் பாப்பாரப்பட்டிக்காரர் கேலி செய்ய, மாமனாரும் சிரித்துக்கொண்டே இலையை நீட்டினார்.

அடுத்த இராப்போசனத்தில் மாமனார்தான் முதலில் எழுந்தார். தன் தோளில் மகன் கையைப் போட்டுக்கொண்டு மெல்ல நடத்திக் கூட்டிப் போனார். பின்னாலேயே போன எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது வாய் திறக்க வேண்டியிருக்கிறதா? ஆண்டவரிடம் விட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நான் அப்படி இருக்கவில்லை. நடந்துகொண்டு கேளுங்கள், அழுதுகொண்டு கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். அப்படிக் கேட்டவளுக்கும் அவர் செவி கொடுத்தார்.