ஒரு சுரம் கீழே

ரப்பர் ஆலையான இஸ்டோருக்குள், அதன் சக்கரங்களைக் காக்கும் ரோதைமுனி நடமாடுகிறார் என்று தோட்டத்தில் சொல்லும்போதெல்லாம், எலிதான் நடமாடும் என்று சிரித்தவன் நான். பேய் பிசாசில் எனக்கு இப்போதும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் குறையில்லை, என் மனைவியே நம்பவில்லை.

நான் பியானோ பக்கவாத்தியக்காரன். தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன், மிஷன் பள்ளியில் படித்து, கொழும்பில் பரீட்சை எழுதித் தேறியவன். கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் நடுவே ஐரோப்பியப் பாட்டுக்கு மேடையேறியவர்களில் என்னை நம்பிப் பாடாதவர்கள் குறைவு. அவர்கள் ஒரு வரியைத் தாண்டினால் நானும் தாண்டுவேன், மூச்சு முட்டினால் காத்திருப்பேன், சபைக்கு ஒன்றும் தெரியாது. கைதட்டு அவர்களுக்கு, அவர்கள் விழாமல் நின்றது என்னால். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு, ஏன் இருக்கக் கூடாது?

ஒன்று மட்டும் எனக்கு வராது. தாளில் எழுதியிருக்கிற சுருதியை விட்டு இறக்கி வாசிக்கச் சொன்னால் கையைக் கட்டிப்போட்டது போலாகிவிடும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்று நாலில், கேகாலைக்கு மேலே ரப்பர் மலையில் இருக்கும் துரைமார் கிளப்பில் கிறிஸ்மஸ் கச்சேரி. அங்கே பியானோவுக்குள் ஈரம் பிடிக்காமலிருக்க ஒரு சின்ன பல்பு எப்போதும் எரியும். அன்று பாட இருந்தவள் பிலோமினா, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பிள்ளை, மாதா கோயில் பாட்டுக் குழுவில் நான் கண்டெடுத்த குரல். தொழிலாளர் லயத்துப் பிள்ளை துரைமார் முன்னால் லத்தீன் பாட்டுப் பாடப் போகிறாள் என்று தோட்டமே வந்து ஜன்னலோரம் நின்றது.

மேடையேறும் முன் என்னிடம் வந்தாள். "மாஸ்டர், மழையில நனஞ்சு தொண்ட கட்டிக்கிச்சு. ஒரு சுரம் எறக்கி வாசிங்களேன். மேல எட்டாதுங்க."

"எறக்குனா பாட்டோட அழகு போயிரும். ஒனக்கு பயம், அவ்வளவுதான்."

"பயமில்லீங்க. தொண்டதான்."

"போ, போயி நில்லு."

மேல் வரியில் அவள் குரல் உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் ஒரு பிசகில்லாமல் வாசித்து முடித்தேன். அதன் பிறகு அவள் கோயிலில்கூடப் பாடவில்லை, கல்யாணமாகிக் கொடகவெலப் பக்கம் போய்விட்டாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் அதே கிளப், அதே கிறிஸ்மஸ் கச்சேரி, அதே பாட்டு. பாடியது நிர்மலா என்ற நர்ஸ். கொழும்பிலிருந்து பாடகர் குழுவுக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் அவளைக் கேட்க வந்திருந்தார்கள். சாயங்காலம், வெளியே நல்ல மழை. அவள் மேடையில் நின்று சபைக்கு வணக்கம் சொன்னபோது குரல் கரகரத்தது. இறக்க வேண்டும், இறக்கத் தெரியாது. வேறு வழியில்லாமல் எழுதியிருந்த இடத்திலேயே விரலை வைத்து அழுத்தினேன்.

ஒலி ஒரு சுரம் கீழே வந்தது.

விரலைப் பார்த்தேன். தாளில் எழுதியிருந்த சுரத்துக்கான கட்டைகளின் மேல்தான் இருந்தது. என் காது அதில் பிசகுகிற காது இல்லை. முழுப் பாட்டும் அப்படியே போயிற்று, நிர்மலா மேல் வரியைச் சிரமமில்லாமல் தொட்டாள், சந்தோஷத்தில் கடைசி வரியை இன்னொரு தடவை எடுத்தாள், நானும் கூடவே போனேன். கைதட்டு அடங்கியதும் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தேன். அது தன் பழைய சுரத்திலேயே இருந்தது.

"தொண்ட சரியில்லன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையே மாஸ்டர்! எப்படிங்க எறக்குனீங்க?" என்று நிர்மலா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் கொரல்லயே தெரிஞ்சிச்சும்மா" என்றேன்.

அவளைக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். என் பெயர் ரம்புக்கனை வரை போயிற்று, வணக்கம் சொன்னதை வைத்தே சுருதியை இறக்கிய மனிதர் என்று தேடி வந்தார்கள். யாராவது மறுபடி கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், நரைத்த தலையோடு கதவைச் சாத்திக்கொண்டு இறக்கி வாசிக்கப் பழகினேன். இப்போது எந்தப் பாட்டையும் எந்தச் சுருதியிலும் வாசிப்பேன். ஆனால் அந்தப் பேர் பொய்யில் தொடங்கியது.

அது உறுத்தி, அடுத்த வருஷம் கொடகவெல போய் பிலோமினாவைத் தேடிப் பிடித்தேன். லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிளேன்டீ ஊற்றித் தந்தாள்.

"அன்னிக்கு எனக்கு எறக்கத் தெரியாதும்மா. அதான் முடியாதுன்னேன்" என்றேன்.

சிரித்தாள். "கோயில்ல எல்லாருக்கும் தெரியுமே மாஸ்டர். ஒங்க மனசு கஷ்டப்படும்னுதான் யாரும் கேக்க மாட்டோம். அன்னிக்கு வேற வழியில்லாம நான் கேட்டுட்டேன்."

நான் தலை குனிந்திருந்தேன். நிர்மலாவைப் பற்றியோ அந்தச் சாயங்காலத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவளே பேசினாள்.

"போன கிறிஸ்மஸ் கச்சேரி நேரம்தான், ஒரு பொழுதுசாய, மழ. வெறக எடுத்து உள்ள வச்சேன். அந்தப் பாட்டு தானா வாயில வந்திருச்சு. இத்தன வருசத்துக்கு அப்பறம், எறக்கித்தான் பாடுனேன். பியானோவும் கூட வந்துச்சுங்க. நல்லா வாசிச்சீங்க மாஸ்டர்."

முறத்தைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் முடிச்சிட்டேன். நீங்க கடசி வரிய இன்னொரு தடவ வாசிச்சீங்க. அது எதுக்குங்க?"

இன்றும் எந்தப் பாட்டை முடித்தாலும் கட்டைகளிலிருந்து கையை உடனே எடுப்பதில்லை. எங்கோ யாரோ இன்னும் பாடி முடிக்கவில்லையோ என்று கொஞ்சம் காத்திருக்கிறேன்.