ஜனவரி ஒன்றாம் தேதி என்னதான் நடந்தது?

கடந்த செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வந்த வாட்ஸ்அப் குறிப்பு. ஓர் எழுத்துகூட மாற்றாமல் தருகிறேன்:

'அங்கிள், ஸ்ட்ரிக்ட் போட்டுரட்டுங்களா? இல்ல ரெகமண்டட் போதுங்களா? இன்னிக்கே சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.'

அனுப்பியது கவிதா. ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சாஃப்ட்வேர் தம்பதியில் பாதி. மீதிப் பாதி பிரகாஷ்.

என் சர்க்கரையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். டாக்டர் எனக்கு டயட் சொன்னது இவளுக்கு எப்படித் தெரிந்தது? போன் போட்டேன்.

"டயட் இல்லீங் அங்கிள். உங்க சைட்டுங். லின்ட் ரூல்ஸ் எதுன்னு முடிவு பண்ணோணும்."

எந்தக் கடை எப்போது திறந்தது, எந்த பஸ் எப்போது ரூட் மாறியது என்று கோவையைப் பற்றித் தேதி சேர்ப்பது என் பழக்கம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்தத் தேதிகளை எல்லாம் ஒரு வெப்சைட்டில் ஏற்றித் தருவதாகக் கவிதாவும் பிரகாஷும் சொன்னார்கள். லீவு நாட்களில் செய்கிறார்கள். சோதனைக்காகக் கொஞ்சம் வெளியேயும் விட்டிருந்தார்கள்.

அதுவரை புரிந்தது. லின்ட்?

எங்கள் ஊரில் லின்ட் என்றால் பஞ்சு. பருத்தியில் கொட்டை எடுத்தபின் கிடைக்கும் சரக்கு. அதற்காகத்தான் இந்த ஊரில் அத்தனை மில்கள் எழுந்தன. கம்ப்யூட்டர்காரர்களுக்கோ லின்ட் என்றால் சட்டையில் ஒட்டியிருக்கும் தூசுப் பிசிறாம். எழுதிய புரோகிராமை ஒரு கருவி படித்துப் பார்த்து, பிசிறு இருக்கும் இடமெல்லாம் சிவப்புக் கோடு போடும். ப்ரூஃப் ரீடர் மாதிரி.

நாம் காசு கொடுத்து வாங்குவதை இவர்கள் தட்டி உதறுகிறார்கள்... சரி, போகட்டும்.

"எதைப் பிசிறுன்னு சொல்றது? அதுக்கு ரெடிமேடா ரூல்ஸ் செட் இருக்குதுங். ரெகமண்டட்னா அவசியமானது மட்டும். ஸ்ட்ரிக்ட்னா கறாரு. எனக்கு ஸ்ட்ரிக்ட்தானுங் அங்கிள் புடிக்குது."

"சரிங்க" என்றேன்.

மதியம் பிரகாஷ் கூப்பிட்டார். "சின்ன சைட்டுங் அங்கிள். ஸ்ட்ரிக்ட் போட்டா ஸ்கிரீன் பூராச் செவப்பாயிரும். ரெகமண்டட் போதுமுங்."

"சரிங்க" என்றேன்.

கோவைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் 'சரிங்க' என்றால் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமல்ல. காதில் விழுந்தது என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் மனம் நோகாமல் இருக்க நாங்கள் கொடுக்கும் ரசீது அது. ஆனால் விசித்திரம் என்னவென்றால் — அடுத்தவர் நம்மிடம் 'சரிங்க' சொல்லும்போது மட்டும் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வோம்!

மறுநாள் மாலை மாடியில் சத்தம்.

"அங்கிள் எங்கிட்ட சரின்னு சொல்லிப்போட்டாருங்க."

"எங்கிட்டயுந்தான் சொன்னாரு அம்மணி."

"ஏனுங்க, அவரு அதெப்படி ரெண்டுக்கும் சொல்லுவாரு?"

அவர் அப்படித்தான் சொல்வார். படியேறிப் போனேன்.

கவிதா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ஸ்ட்ரிக்ட் போட்டிருந்தாள். பிரகாஷ் சொன்னது உண்மைதான், ஸ்கிரீன் பூராவும் சிவப்பு. பெரும்பாலான கோடுகள் ஒரே குறியின் கீழ் இருந்தன. ஆச்சரியக்குறி.

"இது டைப்ஸ்கிரிப்ட்டுங் அங்கிள்" என்றாள்.

"டைப் அடிக்கிறதா?"

"அந்த டைப் இல்லீங். இது நம்பரு, இது வார்த்தை, இது காலியாவும் இருக்கலாம்னு ஒவ்வொண்ணுக்கும் என்ன வகைன்னு மொதல்லயே சொல்லிவெக்கோணும். நீங்க தேதி தெரியாத எடத்தைக் காலியா உட்டிருந்தீங்கல்ல? அதனால தேதி காலியாவும் இருக்கலாம்னு நான் எழுதிவெச்சேன். இவரு பின்னாடியே வந்து ஆச்சரியக்குறி போட்டுப்போட்டாரு."

"போட்டா?"

"'இந்த எடம் காலியா இருக்கவே இருக்காது, நான் சொல்றேன், நீ கேள்வி கேக்காத'ன்னு அர்த்தமுங்."

எனக்குத் தெரிந்த தமிழில் அது வியப்பு. இங்கே அது சத்தியம்! ரெகமண்டட் இந்தச் சத்தியத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமாம். ஸ்ட்ரிக்ட் விடாதாம்.

"சத்தியம் பொய்யாப் போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

பிரகாஷ் சைட்டைத் திறந்தார். முகம் மாறியது. நானும் எட்டிப் பார்த்தேன்.

1970, ஜனவரி 1. அன்று எங்கள் வட்டாரத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி திறந்திருக்கிறது. ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி முடிந்திருக்கிறது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்திருக்கிறது. ஒரு தியேட்டர் மூடியிருக்கிறது. பக்கம் பக்கமாக... எல்லாம் அதே நாளில்!

ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். இவ்வளவு பரபரப்பான நாளைப் பற்றி எங்கேயும் படித்ததில்லையே என்றுகூடத் தோன்றியது.

"காலியா இருக்கறதைத் தேதியா மாத்தச் சொன்னா, கம்ப்யூட்டரு அந்த நாளைக் குடுக்குமுங். அதுக்குக் காலம் ஆரம்பிக்கறதே அன்னிக்குத்தான்" என்றார் பிரகாஷ், மெதுவாக.

எனக்குத் தலை சுற்றியது. காரணம் தேதிகள் அல்ல. பேக்கரி பழனிசாமி.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டில் கடை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கமே அவருடைய பங்காளி கடை. இரண்டுக்கும் ஒரே பெயர். எது முதல் கடை என்பதில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பம். பங்காளி போர்டில் ஒரு வருடம் எழுதியிருக்கும். அது 1970-க்குச் சற்றே பிந்தியது. போன வாரம் பழனிசாமி போன் செய்திருந்தார். "ஏனுங்ணா, உங்க சைட்டுல நம்ம கடை தொடங்குன தேதி பாத்தேனுங். அதையே புதுப் போர்டுல போட்டுக்கட்டுங்களா?"

நான் சைட்டைப் பார்க்கவில்லை; அவர் கடைத் தேதியைக் காலியாக விட்டிருந்ததும் அப்போது நினைவில் இல்லை. என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை போர்டு ஏறுகிறது. அது தப்பென்று பங்காளி நிரூபித்துவிட்டால், பழனிசாமி அந்த ரோட்டில் தலை நிமிர்ந்து கல்லாவில் உட்கார முடியாது.

போர்டு கடைக்குள் சாய்த்து வைத்திருந்தது. அக்ரிலிக் எழுத்து, பளபளவென்று. 'ஜனவரி 1, 1970 முதல்.'

நடந்ததைச் சொன்னேன்.

"தப்புங்களா?" என்றார்.

"தப்புன்னு சொல்லலீங்க. தெரியாதுன்னு சொல்றேனுங்க."

"சரிங்கன்னு சொன்னீங்களேண்ணா!"

பக்கத்தில் பப்ஸ் வாங்க நின்றவர் திரும்பிப் பார்த்தார். புரோகிராமில் பிரகாஷ் போட்ட ஆச்சரியக்குறியும் போனில் நான் சொன்ன 'சரிங்க'வும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டுமே உள்ளே பார்க்காமல் கொடுத்த வாக்கு. பிரகாஷுக்காவது சிவப்புக் கோடு போட ஒரு கருவி இருக்கிறது. எனக்கு?

பழனிசாமி போர்டைப் பார்த்தார். எதிர்க்கடையைப் பார்த்தார். பிறகு ஒன்று சொன்னார்.

"வருசம் எனக்குத் தெரியாதுங்ணா. ஆனா ஜனவரி ஒண்ணு தப்பில்லீங். மொத யாவாரமே நியூ இயர் கேக்குத்தான்னு எங்கப்பா சொல்லீட்டே இருப்பாரு."

கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு போட்ட தேதியில் பாதி சரியா? அப்படியானால் மீதிப் பாதியும்...? இதற்கு எந்த ரூல்ஸ் செட்டில் பதில் இருக்கிறது?

"அப்ப எதைத் தெரியுமோ அதை மட்டும் வெச்சுக்கலாமுங்" என்றார் பழனிசாமி. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வருடத்தின் நான்கு எண்களையும் ஒவ்வொன்றாக நெம்பிக் கழற்றினார். மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "வருசம் கெடைச்சாச் சொல்லுங்ணா, ஒட்டிக்கறேன்."

சைட்டுக்கு ஸ்ட்ரிக்ட்தான் போட்டிருக்கிறோம். பிரகாஷுக்காக அதில் ஒன்றிரண்டு ரூல்களைக் கவிதா அணைத்து வைத்திருக்கிறாள். அப்படியானால் அது ஸ்ட்ரிக்ட்தானா? கேட்டேன். இருவரும் ஒரே குரலில் 'ஆமாங்' என்றார்கள். எனக்கு இன்னும் புரியவில்லை. தேதி தெரியாத இடங்களில் இப்போது 'தெரியவில்லை' என்றே வருகிறது. அது மட்டும் புரிகிறது.

வெள்ளிக்கிழமை போர்டு ஏறியது. 'ஜனவரி 1 முதல்' என்று மட்டும். அன்று மாலையே ஒருவர் வந்து கேட்டாராம்: "ஏனுங்க, கடை ஜனவரியில இருந்துதானுங்களா? இப்ப பப்ஸ் கெடைக்காதுங்களா?"

என் பதிவில் இப்போது உள்ளது இவ்வளவுதான். முதல் வியாபாரம்: புத்தாண்டு கேக். ஆதாரம்: பழனிசாமியின் அப்பா சொன்னதாகப் பழனிசாமி சொன்னது. ஆண்டு: உறுதி செய்யப்படவில்லை. ஆச்சரியக்குறி போடவில்லை.