ராஜமேரியின் இரட்டைத் தையல்

மற்ற ஊர்களில் புயல் வருகிறது என்றால் ஜனங்கள் மேட்டைப் பார்த்து ஓடுவார்கள். தருமபுரியில் ஏரியைப் பார்த்து ஓடுவார்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுவதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் ஏற்படும் அளவுக்கு வானம் எங்களோடு ஒத்துழைத்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. ஜட்கா வண்டி ஒன்று ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தது. "பலத்த காற்று, கனமழை, தாழ்வான பகுதியில் வசிப்போர் உடனே..." என்று அது அலறியதை, கல்யாணத்துக்கு அழைப்பதைப் போல ஜனங்கள் வாசலில் நின்று கேட்டு மகிழ்ந்தார்கள். குதிரை மட்டும் மிரண்டிருந்தது. ஊரில் அந்த அறிவிப்பை அதன் அர்த்தத்தோடு எடுத்துக்கொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

தப்பு. இன்னொரு ஜீவனும் உண்டு. ஏரிக்கரைக்குக் கீழே இருந்த தெருவில் சவரி என்பவர், காற்றுக்குப் பறக்காமலிருக்கத் தன் வீட்டுத் தகரக் கூரைமேல் அம்மிக்கல்லை ஏற்றப் போனார். கல் மேலே நின்றுகொண்டது. சவரி கீழே வந்துவிட்டார். நாட்டு வைத்தியர் காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவரியின் மனைவிதான் ராஜமேரி. புளி மண்டியில் கோணி தைப்பது அவள் பிழைப்பு. மூட்டையின் வாயை ஒற்றைச் சணலில் தைத்தால், நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் பிரித்துவிடலாம். வழியில் பிரிப்பார்கள், புளியை நோண்டுவார்கள், திரும்பத் தைத்துவிடுவார்கள். ராஜமேரியோ ஊசி போன வழியே அதைத் திருப்பிக் கொண்டுவந்து, இரட்டைச் சணலில், இரண்டு முனையிலும் முடிச்சுப் போடுவாள். மண்டிக்காரர்கள் அதற்காகவே அவளைத் தேடி வந்தார்கள். திருடர்கள் அதற்காகவே அவளைத் திட்டினார்கள். இரண்டும் அவளுக்கு நற்சான்றிதழ்.

அந்த மழைக்கு முன் அவளைத் தேடி வந்தவர் மாதப்பன். ஏரிப் பாசனத்தில் அதிக நிலம் அவருடையது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போக, கரையின் ஓரத்தில் தாழ்வான கல் வாசல் ஒன்று உண்டு. கோடி என்போம். அது ஏரியைக் கட்டியவர்கள் யோசித்து வைத்தது. அதை மணல் மூட்டையால் அடைத்து உயர்த்தினால் இன்னொரு போகத்துக்கும் தண்ணீர் நிற்கும் என்பது மாதப்பன் வகையறா யோசித்து வைத்தது.

"கெட்டியா தெச்சுக் குடு மேரி. ஒரு பொட்டுத் தண்ணி வெளிய போவக் கூடாது."

"என் தையலப் பத்தி எனுக்கே சொல்றீங்களாண்ணா? உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

நின்றது. அதுதான் வினையாகப் போயிற்று.

மழை ராத்திரி பிடித்தது, விடிந்தும் விடவில்லை. நடுப்பகல் அந்தி மாதிரி இருட்டியிருந்தது. ராஜமேரி வீட்டுப் பின்புறம் கரையின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. காலையில் தெளிவாக வந்தது, இப்போது செம்மண் நிறத்தில் வந்தது. கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். தெருக்காரர்கள் மூட்டை முடிச்சோடு சர்ச்சுப் பக்கம் கிளம்பிவிட்டார்கள்.

"நீயும் போயிடு மேரி," என்றார் கட்டிலில் கிடந்த சவரி. "நான் செபமால சொல்லிக்கினு இருக்கறேன்."

"நீங்க சொன்னா மாதா வருவா. கட்டிலத் தூக்க நாலு ஆம்பளைங்க வரணுமில்ல?"

மிச்சமிருந்த ஆம்பளைகள் மாதப்பன் வகையறாதான். அவர்கள் கோடியில் இருந்தார்கள், மூட்டைகளுக்குக் காவலாக. அவள் கரைமேல் ஏறி, காற்றுக்குக் குனிந்து குனிந்து நடந்தாள். தண்ணீர் கடைசி வரிசை மூட்டையை நக்கிக்கொண்டிருந்தது. மாதப்பன் தலையில் கோணியை மடித்துப் போட்டு நின்றார்.

"ண்ணா, கரை கசியுது. செவப்பா வருது. மூட்டைய எடுத்துடுங்க."

"கசியாத கரை எங்க இருக்குது? போன வருசம் இதே ஏரியில பசங்க பந்து ஆடினானுங்க. மறந்துட்டியா?"

"அப்ப வந்து எங்க வூட்டுக்காரர் கட்டிலயாவது தூக்குங்க."

"நாங்க அந்தாண்ட போனா உங்க தெருக்காரனுங்க மூட்டையப் புடுங்கிடுவானுங்க," என்றான் மாதப்பனின் பங்காளி ஆண்டி. "சவரிய ஒத்தக் கால்ல குதிச்சிக்கினு வரச் சொல்லு."

சிரித்தார்கள். சிரிப்பைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. ராஜமேரியின் கண் பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போனது. அங்கே நீளக் கயிற்றில் ஒரு கிடா நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது எதுக்குங்க?"

"ஏரி ரொம்பிக் கோடி போனா ஆத்தாவுக்கு வெட்டறதா வேண்டுதல்," என்றார் மாதப்பன்.

"கோடிதான் போவாதபடிக்கு அடச்சிட்டீங்களே. அப்பறம் ஆத்தாவுக்கு எப்பக் குடுப்பீங்க?"

அதற்குக் கிடாதான் கத்தியது.

"சர்ச்சுக்குப் போறவளுக்கு எங்க ஆத்தாவப் பத்தி என்னா?" என்று ஆண்டி சீறினான்.

"எனுக்கு ஒண்ணுமில்லப்பா. ஆத்தா கோவிச்சிக்கினு கெளம்புனா, போற வழியில மொதல்ல இருக்கறது எங்க வூடு. அதான் கேட்டுக்கறேன்."

அதற்குள் கரைமேல் ஒருத்தி ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுச் செல்லி. "மேரி, கரை மேலயே வெடிப்பு வுட்டுடுச்சு! கை உள்ள போவுது!"

மாதப்பன் ஏரியைப் பார்த்தார். மூட்டையை எடுத்தால் மேல்தண்ணீர் மட்டும் போகும், கரை உடைந்தால் ஏரியே போகும். அவரை அசைத்தது ஆத்தாவா, இந்தக் கணக்கா என்று தெரியாது. பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம் ஆத்தா என்றுதான் சொல்லிவந்தார்.

"எடுங்கடா மூட்டைய!"

எடுக்க வரவில்லை. ஊறிப் பருத்து, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, தண்ணீரின் பாரத்தில் கல்லாக இறுகியிருந்தன. வாயைப் பிரித்து மணலையாவது கொட்டலாமென்று ஆண்டி தையலைப் பிடித்து இழுத்தான். விரல்தான் அறுபட்டது.

"என்னா தையல்டி இது!"

"நீங்க கேட்ட தையல்தான்."

இடுப்பில் செருகியிருந்த சணல் வெட்டும் கத்தியை ராஜமேரி எடுத்தாள். கைக்கு அகப்பட்ட கயிறு கிடாவைக் கட்டியிருந்த ஒன்றுதான். அதை அவிழ்த்து அவள் இடுப்பில் கட்டினார்கள். மாதப்பன் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். அவள் கோடியில் இறங்கினாள்.

எந்த இடத்தில் அறுத்தால் விடும் என்று அவளுக்கே தெரியவில்லை. எந்த இடத்திலும் விடாதபடி அல்லவா தைத்திருந்தாள்! ஓரிடத்தில் அறுத்தாள், முடிச்சுப் பிடித்துக்கொண்டது. இன்னோரிடத்தில் அறுத்தாள், திரும்பி வந்த நூல் பிடித்துக்கொண்டது. கத்தி வழுக்கி உள்ளங்கையில் பாய்ந்தது. பிறகுதான் ஒரு மூட்டை வாயைத் திறந்து மணலைக் கக்கியது. தளர்ந்து சாய்ந்த அதன்மேல் தண்ணீர் தாவியது.

"போதும், மேல வா!" என்று மாதப்பன் கத்தினார்.

"இன்னொண்ணு!"

இன்னொன்றின் வாயும் திறந்தது. அதற்குமேல் தண்ணீருக்கு அவள் உதவி தேவைப்படவில்லை. வரிசை மொத்தமும் புரண்டது. அவளையும் புரட்டியது. கயிறு விறைத்தது. மாதப்பன் சேற்றில் உட்கார்ந்து, காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். அவள் மேலே வந்தபோது கையில் கத்தி இல்லை. வேப்பமரத்தடியில் கிடாவும் இல்லை.

தெருவுக்குள் ஓடைத் தண்ணீர் முழங்கால் வரை வந்திருந்தது. தகரக் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. அம்மிக்கல் கட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து கிடந்தது. திறந்த வானத்தின் கீழ், மழையில், சவரி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். கட்டிலின் ஒரு காலை மாதப்பனே பிடித்தார்.

"மெதுவாங்க, காலு, காலு!"

"சும்மா கெட சவரி. உன் பொண்டாட்டி கேட்ட கேள்விக்கு இது தேவல."

கரை நின்றது. பங்குனியில் ஏரி வழக்கம்போல வற்றியது. "அந்த மூட்டைங்க மட்டும் இருந்திருந்தா..." என்று ஆண்டி, ராஜமேரி காதில் விழும்படி சொல்லிவந்தான். அவள் காது கேட்காதவள்போல இருந்துகொண்டாள்.

அடுத்த புரட்டாசியில் மாதப்பன் மறுபடி வந்தார், மாட்டு வண்டி நிறைய மணல் நிரப்பிய கோணிகளோடு.

"கெட்டியா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் ஒற்றைச் சணலில் தைத்தாள். கடைசியில் முடிச்சுப் போடாமல், நுனியை ஒரு முழத்துக்கு வெளியே தொங்கவிட்டாள். மாதப்பன் அந்த நுனியை விரலில் சுற்றிப் பார்த்தார். இழுக்கவில்லை.

"இது போதுமா மேரி?"

"போதுங்கண்ணா."

கோடியில் அடுக்கும்போது, எல்லா மூட்டையின் நுனியும் கரைப்பக்கம், கைக்கு எட்டும்படி இருக்கவேண்டும் என்று அவரே நின்று திருப்பி வைத்தார்.