மூன்றாம் கட்டத்தில் நான் பிடுங்கிய புல்

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் கமிட்டி வருவதற்கு முதல் நாள் மூன்றாம் கட்டத்தில் ஒரு புல் விடாமல் பிடுங்கி வைத்தேன். அந்தப் புல்லைப் பார்க்கத்தான் கமிட்டியே வருகிறது என்று எனக்குத் தெரியாது.

சுனாமியில் நிக்கோபாரின் கட்சால் தீவில் பார்த்த ரப்பர் தோட்ட வேலை போய், அந்தமானில் வண்டூருக்கு வந்திருந்தோம். கடல் ஏறி உப்பாகிப்போன வயலைக் கட்டம் கட்டமாய்ப் பிரித்து மேனகா மேடம் ஆராய்ச்சி செய்தார். நான் சேர்ந்து பத்து நாள்தான். முதல் இரண்டு கட்டத்தில் நெல் நட்டிருந்தது, களை எடுப்பேன். மூன்றாவதில் எதுவும் நடவில்லை. தானாக என்ன முளைக்கிறது என்று பார்ப்பதற்காக இரண்டு வருஷமாய்ச் சும்மா விட்டிருந்தார்கள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெரிய ஆட்களிடம் பேச எனக்கு நா எழாது.

மறுநாள் காலையில் மேடம் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வயலில் ஆராய்ச்சி செய்யும் ஜெர்மன்காரப் பெண் லேனா ஓடிவந்து, அடுத்த வருஷம் மறுபடி ஆரம்பிக்கலாமே என்றார்.

மேடம் என்னிடம் திரும்பினார். "அவங்களுக்கென்னக்கா. அவங்க கவர்மெண்ட் அஞ்சு வருஷத்துக்கும் சேத்துக் குடுத்திருச்சு. நடுவுல யாரும் வந்து பாக்க மாட்டாங்க. நான் வருஷா வருஷம் மார்ச்சுக்கு முன்னாடி கமிட்டிகிட்ட கை நீட்டணும். இன்னிக்கி காட்ட ஒண்ணுமில்லன்னா இதோட மூடிருவாங்க."

ஜப்பானில் மெஷின் வாங்கக் கேட்டால் உடனே கிடைக்கும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கத்தான் கிடைக்காது என்று முன்பு அங்கே வேலை பார்த்த லேனா ஆறுதலுக்குச் சொன்னார்.

மாடு மேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றார் டிரைவர். அதற்குள் கமிட்டியின் ஜீப் வந்துவிட்டது.

கமிட்டிப் பெரியவர் வெறும் மண்ணைப் பார்த்தார். யார் சுத்தம் செய்தது என்று ஹிந்தியில் கேட்டார். மேடம், ஹிந்தியில் மாட்டுக்குச் சொல்லும் "காய்..." என்று தொடங்கி நிறுத்தினார். நான் முன்னால் போய் நின்றேன்.

"நான்தாங்க சார். தோட்டத்துத் தொரை பாக்க வந்தா தேயிலை மலை சுத்தமா இருக்கணும். எங்க அம்மா சிலோன் தோட்டத்துல அப்பிடித்தான் பழக்குனாங்க."

மேடம் அதை ஹிந்தியில் சொன்னார். பெரியவர், பிடுங்கியதெல்லாம் எங்கே என்றார்.

அந்தக் கோடி வரப்பைக் காட்டினேன். தோட்டத்தில் பிடுங்கிய புல்லைக் குவிக்க மாட்டோம், மறுபடி வேர் பிடிக்கும். நிரை நிரையாக, வேர் மேலே பார்க்கக் காயப் போடுவோம். பிடுங்கிய வரிசைப்படியே போட்டிருந்ததால், எங்கே எது முளைத்தது என்று பார்த்தாலே தெரிகிற மாதிரி அப்படியே கிடந்தது.

முதலில் குந்தியது லேனாதான். எந்தப் புல் எத்தனை என்று எல்லோரும் எண்ணினோம். ஓரத்து நிரைகள் கருகிப்போய் அடையாளம் தெரியவில்லை. அவற்றை மேடம் ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை. "புதிய ஆளுக்குச் சொல்லாதது என் தவறு" என்றும் எழுதினார். இந்தத் தடவை மூன்று வருஷத்துக்குப் பணம் கேட்டிருந்தார். ஒரு வருஷத்துக்குத்தான் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கட்டத்தில் இறங்கும் முன்னும், இதைத் தொடலாமா என்று கேட்பேன். புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். கேட்க வெட்கமாக இருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டே கேளுங்கள்.