மலையேறும் பேருந்தில் ஒரு பெட்டி கோழிக்குஞ்சு

சரக்குகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன். துறைமுகம், கிடங்கு, லாரி என்று பேசியாகிவிட்டது. ஜவ்வாது மலையின் சாமையும் புளியும் கீழே இறங்கும் வழியைப் பதிவு செய்ய, போன டிசம்பரில் தனியாகக் கிளம்பினேன். (தனியாகப் போக வேறு காரணமும் உண்டு. அது இங்கே வேண்டாம்.)

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மதியம் இரண்டு மணி வண்டியில் முன்பக்கம் இடம் கிடைத்தது. டிரைவருக்குப் பக்கத்தில், சூடான இன்ஜின் மூடியின் மேல் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே பிறந்து ஒரு நாளே ஆன நூறு கோழிக்குஞ்சுகள். கீழே போய் அவற்றை வாங்கி வந்த பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேர் போட வேண்டாம் என்றார். அக்கா என்றே எழுதுகிறேன்.

அவருடைய மகளிர் குழுவுக்கு இது இரண்டாவது பெட்டி. முதல் பெட்டியில் பாதிக் குஞ்சுகள் வழியிலேயே செத்துவிட்டன. "இதுவும் போச்சுன்னா கோழியே வாணாம்னு சொல்லிட்டாங்க. கொட்டாய் போட்டு வெச்சிக்கீறேன், அதுல நான்தான் குந்தணும்" என்று சிரித்தார். சிரிக்கும்போதும் கண் பெட்டியை விட்டு நகரவில்லை.

பாதி மலை ஏறியதும் தூறல். ஒரு வளைவில் மரம் சாய்ந்து கிடந்தது. ரம்பம் கொண்டுவர ஆள் கீழே போயிருந்தது. டிரைவர் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணாதண்ணா, சூடு போய்டும்."

"எம்மாம் நேரம்மா ஓட்டுறது? டீசல் தீந்துட்டா உன் கோழியா தள்ளும்?"

இன்ஜின் நின்றது. அரை மணியில் மூடி ஆறிப்போனது. குஞ்சுகள் வீறிட்டுக் கத்தின. நான் மைக்கைப் பெட்டியருகே நீட்டினேன். உயிரோட்டமான நல்ல ஒலி என்று நினைத்தேன்.

"குளுருக்குக் கத்துதும்மா" என்றார் அக்கா. கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையில் சத்தம் குறைந்தது. அவர் முகம் மாறியது. பெட்டியைத் திறந்து நாலு குஞ்சை எடுத்து என் மடியில் போட்டார். "சால்வையில மூடிக்கோ. இறுக்காதே."

பிறகு எழுந்து வண்டி முழுக்கக் கொடுத்துக்கொண்டே போனார். முந்தானையில், துண்டில், சட்டைக்குள். பின்சீட்டுக்காரர் ஒருவர் மட்டும் முறைத்தார்.

"சட்டையில அசிங்கம் பண்ணிடும்."

"பண்ணாப் பண்ணட்டும், நீ இன்னா மாப்பிள்ளையா போற?" என்றார் கண்டக்டர். வண்டியே சிரித்தது. முறைத்தவரும் ஆறு குஞ்சு வாங்கிக்கொண்டார்.

'வழியில் ஏற்படும் சேதம்' என்று எத்தனையோ எபிசோடில் சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். அன்று என் விரலுக்கடியில் ஒரு குஞ்சின் நடுக்கம் மெல்ல அடங்கியது. தூங்குகிறதா, போய்விட்டதா என்று பார்க்கப் பயமாக இருந்தது. மைக் எங்கோ கிடந்தது. எடுக்கக் கை இல்லை.

மரத்தை அறுத்து முடிக்க ஒன்றரை மணி நேரமானது. ஜமுனாமரத்தூரில் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும் வரிசை நீண்டது. முறைத்தவர் கடைசியாக வந்தார். "ஒண்ணு தூங்குதும்மா, மெதுவா எடு."

மறுநாள் காலை அக்காவின் கொட்டாய்க்குப் போனேன். தொங்கவிட்ட பல்புக்கடியில் மஞ்சள் கூட்டம். மூன்று மட்டும் செத்திருந்தன. குழுப் பெண்கள் சுற்றி நின்று எண்ணி முடித்திருந்தார்கள்.

"அடுத்த தபா இன்னா பண்றது?" என்றார் அக்கா, கொஞ்சம் பயத்தோடு.

"இன்னா பண்றது, காலை வண்டிதான். நீ ஒருத்தி போவாதே, நாலு பேரு போலாம்" என்றார் ஒருவர்.

நீங்களும் போவதானால்: கடைசிப் பேருந்தை நம்பாதீர்கள், வண்டிகள் குறைவு. டிசம்பரில் கனமான சால்வை அவசியம். தங்குமிடத்தை முன்பே பேசி வையுங்கள். வண்டி வழியில் நின்று, முன்னால் ஓட்டை போட்ட பெட்டி ஏதாவது தெரிந்தால், யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் எழுந்து போய் மடியைக் கொடுங்கள்.