மேஸ்திரிக்குக் கோணல் கம்பு

கடைசல் பட்டறைக்காரர் என்று சொன்னால் அந்தத் தெருவில் யாருக்கும் சட்டென்று புரியாது. அரைநூல் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பட்டறை வாசலில் விட்டுவிடுவார்கள். மர வேலையில் ஓர் அங்குலம் என்பது எட்டு நூல். ஒரு நூல் கூடக் குறைய இருந்தால் மற்ற பட்டறைகளில் யாரும் தலைநிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். இவரோ அரை நூல் பிசகினால்கூடக் கட்டில் காலைத் திரும்ப இயந்திரத்தில் மாட்டிவிடுவார். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மரத்தின் மேல் உள்ளங்கையை ஓட்டுவார். கை எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும்.

வீட்டிலும் அதே கதைதான். வெள்ளரிக்காய் நறுக்கச் சொன்னால் ஒவ்வொரு வில்லையும் ஒரே கனத்தில் விழும்வரை விடமாட்டார். "நீங்க நறுக்காதீங்க. எனக்குப் பசி வந்து, அதுவா அடங்கியும் போயிடுது" என்று மனைவி கத்தியைப் பிடுங்கிக்கொள்வாள்.

இப்படிப்பட்டவரின் பட்டறைக்குள் ஒருநாள் மதியம் ஒரு பறவை பறந்து வந்தது. சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் தலை, கன்னத்துக்கு ஒன்றாகக் குங்குமப்பூ நிறத்தில் பொட்டு, நெற்றிக்கு மேல் கொண்டை. காக்கட்டீல் என்கிற கிளி வகை என்று சாப்பாடு கொண்டுவந்த மனைவிதான் சொன்னாள். யார் வீட்டிலிருந்தோ தப்பி வந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள், கம்பத்தில் காகிதம் ஒட்டினார்கள், யாரும் தேடி வரவில்லை. அதுவும் போவதாக இல்லை. கடைந்து அடுக்கிய கட்டில் கால்களின் மேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் அடுத்தவர் வேலையை மேற்பார்வை பார்த்தது. மனைவி அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"இருக்கறவங்களுக்கே இடம் பத்தல" என்று அரைநூல் முனகினார். ஆனால் சாயங்காலம் மரத்தூளோடு வீட்டுப் படியேறும்போது உள்ளேயிருந்து சீழ்க்கைச் சத்தம் வரும். அது வரவில்லையென்றால் செருப்பைக் கழற்றாமலே, "எங்க அவன்?" என்று கேட்பார்.

மனைவி பெரிய கூண்டு ஒன்று வாங்கினாள். அதோடு வந்த பிளாஸ்டிக் குச்சிகளைப் பார்த்ததும் அரைநூலுக்கு உடம்பெல்லாம் கூசியது. "இதெல்லாம் உக்கார்ற கம்பா? பல் குத்தற குச்சி" என்றார். பட்டறை விடுமுறையன்று தனியாகப் போய், நல்ல தேக்கில் நான்கு கம்புகள் கடைந்தார். நான்கும் ஒரே தடிமன், ஒரே நீளம். சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கிப் பட்டுப்போன்ற உப்புத்தாள்வரை தேய்த்து, மெழுகு பூசி, துணியால் மெருகேற்றினார். கூண்டுக்குள் பொருத்தியபோது ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழ் நடுவில் வந்து நின்றது.

வேன் ஓட்டும் மைத்துனன் அப்போது அங்கே இருந்தான். மனைவிக்குத் தம்பி, பக்கத்து வீடு. அவரைக் கிண்டல் பண்ணவே பிறந்தவன்.

"மாமா, பறவைக்கா செஞ்சிருக்கீங்க, இல்ல மந்திரிக்கா? மேஸ்திரி வழுக்கி விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கப் போறான்."

"உன் வேன நேரா நிறுத்தக் கத்துக்க. அப்புறம் வந்து பேசு."

மேஸ்திரி வழுக்கி விழவில்லை. கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. இரவும் பகலும் அப்படி இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது என்பதுதான் யார் கண்ணிலும் படவில்லை.

சில மாதங்களில் சீழ்க்கை குறைந்தது. பிறகு நின்றே போனது. கம்பில் இருக்கும்போது காலை மாற்றி மாற்றி வைத்தது, சுடுமணலில் நிற்பவனைப் போல. திடீரென்று கம்பை விட்டுக் கூண்டுக் கம்பியில் தொங்கியது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். தினை பழசாக இருக்கும் என்று மனைவி தினையை மாற்றினாள். குளிராக இருக்கும் என்று அரைநூல் கூண்டுக்குப் போர்வை போட்டார். துணையில்லாத ஏக்கம் என்று மைத்துனன் ஒரு கண்ணாடியை மாட்டினான். மேஸ்திரி கண்ணாடியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை அது மனைவியின் விரலில் ஏறியபோது அவள் திடுக்கிட்டாள். பாதம் சுட்டது. மெல்லத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கால் சிவந்து, கோடுகளெல்லாம் மறைந்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. நடுவில் ஒரு சிறு கொப்புளம் காய்த்துக் கெட்டிப்பட்டிருந்தது.

பறவைகளைப் பார்க்கிற டாக்டரம்மாவின் அறையில், உருப்பெருக்கி விளக்குக்கு அடியில் மேஸ்திரி துணிக்குள் சுருண்டு கிடந்தது. டாக்டரம்மா இரண்டு பாதங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"உக்கார என்ன வச்சிருக்கீங்க?"

அரைநூலுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். "நானே கடைஞ்சதும்மா. நாலும் ஒரே அளவு. ஒரு பிசிறு இருக்காது."

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு" என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதனாலதான் இந்தப் புண்ணு வந்திருக்கு" என்றார்.

அரைநூல் படத்தை மறுபடி பார்த்தார்.

"நமக்கு நின்னா கால் வலிக்கும், உக்காருவோம், படுப்போம். இதுக்கு அதெல்லாம் கிடையாது. தூங்கறதும் நின்னுக்கிட்டேதான். எந்தக் கம்புல போய் நின்னாலும் ஒரே தடிமன்னா, பாதத்துல ஒரே இடம்தான் அழுந்தும். மேல வழவழன்னு வேற இருக்கு. விழுந்துடக் கூடாதுன்னு விடாம இறுக்கிப் பிடிச்சிருக்கு." டாக்டரம்மா களிம்பு எழுதினார். "இப்ப தோலோட நிக்குது. எலும்புக்குப் போயிட்டா என் கையில ஒண்ணும் இல்ல. கம்ப மாத்துங்க. தடியா ஒண்ணு, ஒல்லியா ஒண்ணு, மேடு பள்ளமா, வளைஞ்சு நெளிஞ்சு, பட்டையோட. விரல் கம்பச் சுத்திப் பிடிக்கணும், ஆனா முன்விரலும் பின்விரலும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது."

பேருந்தில் வரும்போது அரைநூல் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். "என் கையாலயே அவன் காலப் புண்ணாக்கிட்டேன்" என்றார் கடைசியில்.

"வேணும்னா செஞ்சீங்க? ஆசையாத்தான செஞ்சீங்க" என்றாள் மனைவி. கொஞ்ச தூரம் போனபின், "இனிமே ஆசைப்படறதுக்கு முன்னாடி என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள்.

இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை, நேரே பட்டறைக்குப் போனார். மேடு பள்ளம் வேண்டும், அவ்வளவுதானே? இயந்திரத்தை ஓட்டி, ஓரிடத்தில் உளியை அழுத்தி, ஓரிடத்தில் தளர்த்தி, ஒரு கம்பை முடித்து எடுத்துக்கொண்டு வந்தார். மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"என்னங்க, கட்டில் கால் மாதிரி இருக்கு?"

உண்மைதான். மேடும் பள்ளமும் இருந்தன. ஆனால் மேட்டுக்கு மேடு ஒரே இடைவெளி, பள்ளத்துக்குப் பள்ளம் ஒரே ஆழம். திரும்பிப் போனார். இந்த முறை வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு கடைந்தார். அப்படியும் அதே அழகுதான் வந்தது. உளியை இடக்கைக்கு மாற்றினார். காலிப்பர் வைத்து அளந்தபோது முதல் மேட்டுக்கும் கடைசி மேட்டுக்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன் சிரிப்பை அடக்க முடியாமல் மரத்தூள் மூட்டையின் மேல் சாய்ந்துவிட்டான்.

"மாமா, தப்பாச் செய்யக்கூட உங்களுக்கு ஒழுங்காத்தான் வருது!"

"சிரிக்காதடா. அவன் கால் போயிடும்டா" என்றார் அரைநூல்.

மைத்துனன் சிரிப்பை நிறுத்தினான். உளியை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தான். "கடைஞ்சது போதும். என்கூட வாங்க" என்றான்.

அவன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு கொய்யா மரம் இருந்தது. வருடக்கணக்காக அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குத்தான் அதன் கிளைகளைப் பார்த்தார். ஒரு கிளையாவது அதன் அடியிலிருந்த தடிமனோடு நுனிக்குப் போகவில்லை. கணுவுக்குக் கணு ஒரு சாய்வு, ஒரு முடிச்சு, இரண்டாகப் பிரியும் ஒரு கவை.

"மருந்து கிருந்து அடிச்சிருக்கியா இதுக்கு?"

"மருந்தா? நான் தண்ணி ஊத்தினதே இல்ல."

மைத்துனன் ஒரு கிளையைப் பிடித்து வளைத்தான். "இது?"

"வேணாம். நேரா இருக்கு."

மைத்துனன் கிளையை அப்படியே விட்டான். "இன்னொரு தடவை சொல்லுங்க மாமா. அக்காவக் கூப்பிடறேன், அவளும் கேக்கட்டும்."

மனைவியின் விரலில் மேஸ்திரி நிற்கும்போது காலிப்பரை வைத்துப் பிடியை அளந்துகொண்டார் அரைநூல். அந்த அளவுக்கு மேலும் கீழுமாக மூன்று கிளைகளைத் தேர்ந்தெடுத்து அறுத்தார். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயப்போட்டார். காய்ந்ததும் கை தானாக உளியைத் தேடியது. ஒரு சுருள் பட்டையை எடுப்பதற்குள் மனைவி பார்த்துவிட்டாள்.

"கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"முடிச்சு குத்தும்னு பாத்தேன்."

"குத்தாது. வைங்க கீழ."

நுனிகளில் மட்டும் வெட்டு கொடுத்து, வாஷர் போட்டு, போல்ட்டால் கூண்டுக் கம்பியோடு முடுக்கினார். தூங்குவதற்கு மேலே தடித்த கிளை. கவை உள்ளது நடுவில். எச்சம் விழாதபடி தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி, ஒல்லிக் கிளை கீழே. ரசமட்டத்தை அவர் எடுக்கவில்லை.

மேஸ்திரியை உள்ளே விட்டார்கள். அது புதுக் கிளைகளைப் பார்த்து, கொண்டையை விறைத்து, உஸ்ஸென்று சீறியது. பக்கவாட்டுக் கம்பி வலையில் போய்த் தொற்றிக்கொண்டது. அந்த மெல்லிய கம்பியில் புண்ணான பாதத்தை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை இறங்கவில்லை.

"பழசையே வச்சிடலாமா?" என்றார் அரைநூல், தாங்கமுடியாமல்.

"கூடாது" என்றாள் மனைவி. ஆனால் அவளுக்கும் முகம் வாடிப்போயிருந்தது.

அவர் யோசித்தார். பிறகு கவைக் கிளையை மட்டும் கழற்றி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, பறவையைப் பார்க்காமல் கிளையைத் தடவிக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்கு அடுத்தவர் கையிலிருப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. முதலில் கதவு விளிம்புக்கு வந்தது. பிறகு அவர் முழங்காலுக்கு. பிறகு தலையைச் சாய்த்து, கிளையை அலகால் ஒரு தட்டுத் தட்டியது. பட்டை கொஞ்சம் பெயர்ந்தது. அதில் அப்படி என்ன சந்தோஷமோ, கிளைமேலேயே ஏறி நின்றுகொண்டு பட்டையைக் கிழித்துக் கிழித்து நாலா பக்கமும் வீசத் தொடங்கியது.

கடைந்த மரத்தில் நகக்கீறல் பட்டால் சாப்பாடு இறங்காத மனிதர், சட்டையெல்லாம் பட்டைச் சிம்பாக உட்கார்ந்திருந்தார். "பிச்சுப் போடு மேஸ்திரி. நல்லாப் பிச்சுப் போடு" என்றார்.

அன்றிலிருந்து அது கிளைகளை ஏற்றுக்கொண்டது. மனைவி விடாமல் களிம்பு தடவி வந்தாள். கால் மாற்றி வைப்பது குறைந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் நம்பப் பயந்து இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு பிற்பகல் பட்டறைக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. "மேஸ்திரி ஒரு காலத் தூக்கிடுச்சுங்க. வயித்துக்குள்ள இழுத்து வச்சுக்கிட்டு, கீழ வைக்கவே மாட்டேங்குது."

இயந்திரத்தில் பாதி கடைந்த கட்டில் கால் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியே நிறுத்திவிட்டு ஓடினார். மைத்துனன் வேனை எடுத்தான். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டிக்குள் மேஸ்திரி.

விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா பெட்டியைத் திறக்குமுன், "காலத் தூக்கினப்ப இறகெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"உப்பிக்கிட்டு, பஞ்சு உருண்டை மாதிரி" என்றாள் மனைவி.

"கண்ணு?"

"பாதி மூடியிருந்துச்சு."

"அலக அரைச்சுச்சா? கர், கர்னு?"

"ஆமா டாக்டர்! வலியில பல்லக் கடிக்கிற மாதிரி."

டாக்டரம்மாவின் உதட்டோரம் அசைந்தது. பறவையை வெளியே எடுத்து, விளக்கடியில் முதலில் ஒரு பாதம், பிறகு மற்றொரு பாதம் என்று விரித்துப் பார்த்தார். அரைநூல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வந்து பாருங்க" என்றார் டாக்டரம்மா.

சிவப்பு வெளுத்திருந்தது. கொப்புளம் இருந்த இடத்தில் கடுகளவு பொருக்கு. சுற்றிலும் சன்னமான கோடுகள், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், திரும்ப வந்திருந்தன.

"நோகாத பறவை அப்படித்தான் தூங்கும். ஒரு காலத் தூக்கிக்கிட்டு, மொத்த எடையையும் இன்னொரு கால்ல விட்டுட்டு. புண்ணு இருந்தா அதால முடியாது. அலக அரைக்கிறதும் வலியில இல்ல, தூக்கம் சொக்கற சுகத்துல. நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தத எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க ரெண்டு பேரும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் என்னவோ நிறைந்திருந்தது. அரைநூல் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"கிளைய மட்டும் அப்பப்ப மாத்துங்க" என்றார் டாக்டரம்மா. "கடிச்சே தீத்துடும்."

வெளியே வேனுக்கருகில் மைத்துனன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருந்தான். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவன் முதலில் வானத்தைப் பார்த்து மூச்சு விட்டான். பிறகு பழையபடி ஆகிவிட்டான்.

"அப்ப என் மரம் மொட்டைதான். மேஸ்திரிக்கு வீடு, எனக்கு வெயிலு."

"வேற மரம் நட்டுத் தர்றேன்டா."

"நீங்க நட்டா அது கம்பம் மாதிரி வளரும், வேணாம். பட்டறைக்கு விடவா மாமா? கட்டில் கால் பாதியில நிக்குதுன்னீங்களே."

"நிக்கட்டும். வீட்டுக்கு விடு. மெதுவாப் போ."

அவர் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். வேன் நகர்ந்தது. பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் நின்று நின்று போனது.

"பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான் மாமா."

"அடிச்சுக்கட்டும்" என்றார் அரைநூல். பெட்டிக்குள்ளிருந்து கர், கர் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.