முகாமுக்கு உடுத்துப்போன வெள்ளைச் சட்டை

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் அப்போது இருந்த ஈழத்துப் பிள்ளைகளுள், அரச அலுவலகங்களின் ஜெர்மன் கடிதங்களைப் பெரியவர்களுக்கு வாசித்துப் பொருள் சொல்பவனாகப் பத்து வயதிலேயே நான் இருந்தேன். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது ஊராரின் எண்ணம், என்னுடையதும் அதுவே. கடந்த வாரம் சப்பாத்துக் கடையில் தோல் மெழுகின் மணம் எழுந்தபோது, அந்த வயதில் நான் முகாமுக்குப் போன, இன்று வாகனத் தரிப்பிடமாகிவிட்ட குதிரை லாயம் நினைவில் வந்தது.

பிள்ளைகளுக்குத் தேவாலயம் நடத்தும் ஒரு வாரக் குதிரைச் சவாரி முகாம் அது; தேவாலயத்தின் முகாம் என்பதால் அம்மா எனக்கு ஞாயிற்றுப் பூசைக்குரிய வெள்ளைச் சட்டையையே உடுத்தி அனுப்பினார். அங்கே காலைதோறும் வைக்கோல் சரசரக்க, குளம்புகள் கல்தரையில் தட்ட, பிள்ளைகள் தத்தம் குதிரையைத் தேய்த்துத் துப்புரவாக்கிய பின்பே ஜெபம், ஜெபத்தின் பின்பே சவாரி. நான் சட்டையைக் காரணம் காட்டி வாசலிலேயே நின்றேன்.

மூன்றாம் நாள், மற்றத் தமிழ்ப் பிள்ளைகளின் காதில் விழ, என்னோடு முகாமுக்கு வந்திருந்த அக்கா கேட்டாள்:

"சட்டை ஊத்தையாகுமெண்டு நிக்கிறியோ, இல்லாட்டிப் பயமோ, துரை?"

"பயம்தான்."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கும்தான்ரா. இந்தா, பிரஷ்ஷைப் பிடி."

எஞ்சிய நாட்களில் ஒரு பழுப்புக் குதிரையின் விலாவைத் தேய்த்தேன். அதன் மூச்சின் சூடும் உமிழ்நீரும் அந்தச் சட்டையில் படிந்தன. பயத்தைப் பயமென்று சொன்னதுபோலவே, தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் பழக்கமும் அங்கேதான் எனக்கு வந்தது. கல்லூரியில் அதுவே எனக்கு உதவியது.

இப்போது வேறிடத்தில் நடக்கும் முகாமுக்கு எங்கள் தேவாலயத்தார் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, நான் மூன்றாம் நாளே குதிரையேறி எல்லாருக்கும் முன்னே சென்றதாகச் சொல்கிறார்கள். அந்த வாரம் முழுவதும் நான் குதிரையில் ஏறவே இல்லை.